தீவுக்குப் போன தாம்பூலம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மாலையிலிருந்து கிடைத்தது. ரோஜாவும் செவ்வந்தியும் வைத்துக் கட்டிய, தொடை வரைக்கும் தொங்குகிற மாலை. இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில், மேல்கணக்கு என்கிற மேற்பிரிவின் மாரியம்மன் கோயில் தேரன்று, அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஒரு மனிதர் நின்றார். மேளம் இருந்தது. தப்புக் கொட்டு இருந்தது. மாலையும் இருந்தது. போடுவதற்குக் கழுத்துத்தான் இல்லை.

(ஊசிப்பாறைத் தோட்டத்தை வரைபடத்தில் தேட வேண்டாம். அந்தப் பெயரை வைத்தது நான். மற்றபடி தோட்டம் அங்கேயேதான் இருக்கிறது.)

யாருக்குக் கட்டிய மாலை என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். எங்கேயோ கடலுக்கு நடுவில் ஒரு தீவாம், அங்கே காசு வியாபாரத்தை மேற்பார்க்கும் அதிகாரி ஒருவராம், அவருக்காம். அவர் எங்கே என்றேன். வரவில்லை என்றார். வருவதாகச் சொல்லியிருந்தாரா என்றேன்.

"வரமாட்டேன்னு சொன்னாருங்க. அதுக்குத்தான் மால."

ஒரு கதைக்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆறு பேரைக் கேட்டேன், ஆறு விதமாகச் சொன்னார்கள். ஏழாவது விதமாக நான் எழுதுகிறேன். தலவாக்கலைப் பக்கம் என்னைப் பற்றி விசாரித்தால், அந்தாள் சொன்னதில் பாதியைக் கழித்துவிடுங்கள் என்பார்கள். எந்தப் பாதி என்று சொல்லமாட்டார்கள். ஆகவே நமக்குள் ஒரு விதி வைத்துக்கொள்வோம். இந்தக் கதையில் பணம் வருகிற இடமெல்லாம் நடந்தது. சிறுத்தை வருகிற இடத்தில் மட்டும் நீங்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

2

எப்படித் தொடங்குவது என்பதில் ஒரு வாரம் போயிற்று. எழுதிக் கைவிட்டவற்றை மறைப்பானேன்.

முதல் தொடக்கம்: பனி மூடிய மலைச்சாரலில் தேயிலைச் செடிகள் பச்சைக் கம்பளம் விரித்த—

(நிறுத்தினேன். மேல்கணக்கில் எவர் வீட்டிலும் கம்பளம் கிடையாது. இதை எழுதுகிறவர்கள் ரயில் ஜன்னலால் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்.)

இரண்டாம் தொடக்கம்: உலக அந்நியச் செலாவணிச் சந்தையில் நாளொன்றுக்குக் கைமாறும் தொகை—

(இதைப் படித்தால் நீங்கள் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவீர்கள். போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, எங்கள் கொழுந்துதானே. ஆனால் திரும்பி வரமாட்டீர்கள்.)

மூன்றாம் தொடக்கம்: கந்தப்பன் பொறுப்பான மனிதர்.

இதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. இதிலேயே தொடங்குகிறேன்.

3

கந்தப்பன் பொறுப்பான மனிதர். முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டினார். அந்த வளைவுகளில் ஒரு சாக்குக்கூடச் சரிந்தது கிடையாது. ஒரு மழைநாளில் வட்டகொடை இறக்கத்தில் பிரேக் விட்டுப்போக, லொறியோடு நயமாகப் பேசியே அதை நிறுத்தினார் என்பார்கள். (இதில் பணமும் இல்லை, சிறுத்தையும் இல்லை. நம்புவது உங்கள் இஷ்டம்.) இப்படிப்பட்டவரைக் கோயில் கமிட்டிக்குப் பொருளாளராகப் போடாமல் வேறு யாரைப் போடுவது?

ஓய்வு பெற்றபோது சேமலாப நிதி கைக்கு வந்தது. தோட்டத்தில் அதை 'ஈபிஎப் காசு' என்பார்கள். சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவை விட்டு வெளியேறி, கிடைத்த துண்டு நிலத்தில் சுவர் எழுப்பியிருந்தார் கந்தப்பன். கூரைதான் பாக்கி. தகரம் போடக் காசு தாராளமாக இருந்தது. ஆனால் அவருடைய அப்பா, தாத்தா, தாத்தாவுக்குத் தாத்தா எல்லோரும் தகரத்தில் விழும் மழையைக் கேட்டுக்கொண்டே பிறந்து, கேட்டுக்கொண்டே செத்தவர்கள். இவர் கொங்கிறீட் தட்டுக் கூரை போட ஆசைப்பட்டார். மழை பெய்வது தெரியாமல் ஒரு நாளாவது தூங்க வேண்டும். இதைப் பேராசை என்று எழுதினால் என் பேனா முறியட்டும். இது பெருமை. வேறு சங்கதி.

தட்டுக்குக் காசு போதவில்லை. அப்போதுதான் தர்ஷன் வந்தான்.

தர்ஷனை எப்படி எழுதுவது என்று தடுமாறினேன். முதலில் அவனுக்கு ஒரு தங்கப் பல் வைத்தேன். கள்ளன் என்று உங்களுக்குச் சீக்கிரம் புரியட்டும் என்று. பிறகு பிடுங்கிவிட்டேன். அவன் கள்ளன் இல்லை. ஹட்டனில் ஒரு போன் கடைக்கு மேல்மாடியில் அந்நியக் காசு வியாபாரம் சொல்லிக்கொடுக்கும் 'போரெக்ஸ் வகுப்பு' நடத்தியவன். அடைமழையிலும் கோட்டுப் போட்டிருப்பான். தன் அம்மாவின் தாலிக்கொடியை விற்று, அந்த வியாபாரத்தைப் போனில் நடத்தும் ஒரு கம்பனியில் போட்டவன். மற்றவர்களைச் சேர்த்துவிட்டால் கம்பனி அவனுக்குக் கொஞ்சம் கொடுக்கும். அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவனே நம்பினான். கள்ளனாக இருந்திருந்தால் கந்தப்பன் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பார்.

"மாமா, டொலர் ஏறும், எறங்கும். ஏறுனாலும் காசு, எறங்குனாலும் காசு. ஒங்க கையில ஒரு கூடை இருந்தா கம்பனி ஐந்நூறு கூடைக்கு யாவாரம் பண்ண விடும்."

கூடை என்று சொன்னதில்தான் கந்தப்பன் விழுந்தார். ஒரு கூடையைக் காட்டி ஐந்நூறு கூடைக்கு வியாபாரம் செய்தால், சரிந்தால் ஐந்நூறும் சரியும் என்று லொறி ஓட்டியவருக்குத் தெரியாமலா போகும்? தெரியும். ஆனால் மனசுக்குள் தட்டுக்கு அடியில் தூங்குகிறவனின் காதுக்கு மழை கேட்காது.

ஈபிஎப் காசு உள்ளே போயிற்று. போனில் லாபத்தைக் காட்டும் பச்சைக் கோடு ஏறியது. மூன்று மாதத்தில் தட்டு, தட்டுக்கு மேல் தண்ணீர்த்தொட்டி, அதற்கு மேல் ஒரு கொடிக்கம்பம் வரை ஏறியது. எடுக்கலாம் என்று பொத்தானை அழுத்தினார். ஒரு செய்தி வந்தது: உங்கள் கணக்கு பெரிய கணக்காகிவிட்டது, எடுப்பதென்றால் இதே அளவு இன்னொரு முறை போட வேண்டும், போட்டதும் இரண்டையும் சேர்த்து எடுக்கலாம்.

இன்னொரு முறை போட அவரிடம் ஏது?

கோயிலிடம் இருந்தது. புதுத் தேர் செய்வதற்காகப் பல வருஷமாகச் சேர்த்த காசு. அதை எடுக்க மூவர் கையொப்பம் வேண்டும். மூன்றாவது கையொப்பம் அவருடையது.

இதுதான் கதை. இனி என்ன ஆகப் போகிறது என்பது அவருக்கும் தெரியாது, அம்மனுக்கும் தெரியாது. எழுதுகிற எனக்கு ஓரளவு தெரியும்.

4

கம்பனியின் பெயரை எழுதச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். எழுதினால் வழக்குப் போடுவார்கள் என்று என் மகள் பயப்படுகிறாள். எனக்கு அந்தப் பயம் இல்லை. வழக்குப் போடுவதென்றால் முகவரி கொடுக்க வேண்டும். அந்த முகவரி ஒன்று கிடைக்காதா என்றுதான் இலங்கை முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கம்பனியிடம் முகவரி இல்லாவிட்டாலும் லைசன் இருந்தது. தர்ஷன் அதைப் போனில் பெரிதாக்கிக் காட்டினான். முத்திரை, இலக்கம், தென்னைமரம் போட்ட ஒரு சின்னம். அந்தத் தீவின் அரசாங்கம் கொடுத்தது.*

* கம்பனிக்கு ஒரு பெரிய நாட்டிலும் லைசன் உண்டு. அங்கே சட்டம் கடுமை. கம்பனி மூழ்கினாலும் வாடிக்கையாளருக்கு ஏதாவது மிஞ்சும். ஆனால் நம் ஆட்களை அந்த வாசலால் உள்ளே எடுப்பதில்லை. பெயர்ப்பலகை அங்கே, ஒப்பந்தம் தீவிலே. தோட்டத்துப் பங்களாவில் முன்வாசல் ஒன்று, பின்னால் சமையல்கட்டுக் குசினி வாசல் ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியும். எந்த வாசலால் கூப்பிடுகிறான் என்று பார்த்தே ஆளின் மனதை அறிந்த சனம் நாங்கள். போனில் வாசல் தெரியாததுதான் வினை.

கமிட்டி கோயில் முற்றத்தில் கூடியது. தலைவர் சிவசாமி எதற்கும் சரி என்று சொல்லும் நல்ல மனிதர். வங்கிச் சீட்டில் அவரும் செயலாளரும் ஏற்கெனவே கையொப்பம் போட்டாயிற்று. சீட்டு கந்தப்பனின் சட்டைப்பையில் இருந்தது. தேர்க் காசை மூன்று மாதம் ஓரிடத்தில் போட்டால் தேர் இரண்டு மடங்கு உயரும் என்று அவர் விளக்கினார். தன் ஈபிஎப் காசைப் பற்றி ஒரு வார்த்தை விடவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து கமிட்டியில் ஒருத்தி உண்டு: நாகலெட்சுமி. இன்றைக்கும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவள். தேர்க் காசில் பாதிக்கு மேல் கொழுந்தெடுக்கும் பெண்கள் மாதாமாதம் கொடுத்தது என்பதால் அவள் பேசினால் தலைவரும் நிமிர்ந்து உட்காருவார்.

"அண்ணே, காச அவன் குடுக்கலன்னா யாரப் போயிப் பாக்குறது?"

"அதுக்குத்தான் லைசன் இருக்கு. அந்தத் தீவுல கவர்மெண்டு ஆளு ஒருத்தரு இருக்காரு. காசுக்குக் கங்காணின்னு வச்சுக்கயேன்."

"நம்ம காசுக்குமா?"

"நம்ம காசுக்கும்தான்."

"அப்பன்னா தேருக்கு அவருக்கு வெத்தல பாக்கு வைக்கணும்ல."

வேறெங்காவது இருந்தால் கூட்டம் சிரித்திருக்கும். மேல்கணக்கில் யாரும் சிரிக்கவில்லை. சிவசாமி, சரிதானே, இது எப்படி நமக்குத் தோன்றாமல் போனது என்றார்.

5

ஏன் சிரிக்கவில்லை என்று சொல்லாமல் நகர முடியாது.

மேல்கணக்கில் ஒரு வழக்கம். அந்தச் சனத்தின் மேல் அதிகாரம் உள்ள எவராக இருந்தாலும், தேருக்கு முன்பு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து நேரில் போய் அழைக்க வேண்டும். தோட்டத்தை நடத்தும் துரை, அவருக்குக் கீழுள்ள கண்டாக்கையா, டாக்டர், போலீஸ் பெரியவர், எவரும் தப்ப முடியாது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து நின்றிருக்கிறார்; அவர் காலில் ஏறிய அட்டை அன்றிலிருந்து ஆங்கிலேயர் ரத்தம் தவிர வேறெதையும் தொடாமல் பட்டினி கிடந்து செத்தது. மின்சாரம் வெட்ட வந்த ஒருவருக்குத் தாம்பூலம் வைத்தார்கள். அவர் கம்பத்திலிருந்து இறங்கிக் காவடி எடுத்துவிட்டுப் போனார். ஒரு வருஷம் காட்டோரத்தில் சிறுத்தை நடமாட்டம். அதற்கும் அதிகாரம் உண்டுதானே என்று எல்லைக்கல்லில் வெற்றிலை வைத்துவிட்டு வந்தார்கள். தேரன்று வந்தது. கடைசி வரிசையில் இருந்து கும்பிட்டுவிட்டு அன்னதானத்துக்கு முன்பே எழுந்துபோய்விட்டது. சைவச் சாப்பாடு என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

(இங்கேதான் நீங்கள் யோசிக்க வேண்டிய இடம். யோசித்தாயிற்றா? போகலாம்.)

இந்த வழக்கத்தைப் பார்த்து, அதிகாரிகளுக்குக் குனிகிற சனம் என்று நினைத்துவிடாதீர்கள். தட்டை வாங்குகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். வாங்கிய பிறகு, எனக்குத் தெரியாது, என் வேலை இல்லை என்று அவர் சொல்ல முடியாது. ஒரு காற்றுக்காலத்தில் லயத்துக் கூரை பறந்தபோது, நாகலெட்சுமியின் அம்மா பங்களா வாசலில் போய் நின்று, வெத்தல வாங்கின கைய நீட்டுங்க தொரை, பாப்போம் என்றாளாம். துரை கையை நீட்டவில்லை. விடிவதற்குள் தகரம் வந்து இறங்கியது.

இதுவரை அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுத்தவர் எவருமில்லை. தட்டைத் திருப்பிக் கொடுப்பதென்றால், நீங்கள் எனக்கு யாருமில்லை, நான் உங்களுக்கு யாருமில்லை என்று அர்த்தம்.

கந்தப்பனுக்கு இந்த யோசனை பிடித்துத்தான் போயிற்று. தீவு அதிகாரி தட்டை வாங்கிவிட்டால் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்த முள்ளும் எடுபட்டுப் போகும். அதைவிட, கடல் கடந்த அதிகாரியை மேல்கணக்குக்கு அழைத்த பொருளாளர் என்று பெயரும் நிற்கும். தட்டு கைமாறிய மறுநாளே காசும் கைமாறட்டும் என்று தீர்மானம் எழுதினார்கள்.

6

இனி வரும் பகுதியை நான் மூன்று முறை அடித்துவிட்டேன்.

தீவுக்குத் தட்டு எப்படிப் போகும்? தபாலில் அனுப்பலாம். முதலில் அப்படித்தான் எழுதினேன்: தலவாக்கலைத் தபாற்கந்தோரில் பொதியைக் கட்டி— (வேண்டாம். வெற்றிலை வாடிவிடும். அதோடு, நேரில் போகாத அழைப்பு அழைப்பே இல்லை.) பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். (வெட்கக்கேடு.)

உண்மையில் நடந்ததைச் சொன்னால் நான் இட்டுக்கட்டினேன் என்பீர்கள். நாகலெட்சுமியின் மகன் நிரோஷன், சுற்றுலாக் கப்பல் ஒன்றின் குசினியில் வேலை செய்கிறான். நுவரெலியாவில் விளைந்தாலும் ஒல்லாந்தில் விளைந்தாலும் உருளைக்கிழங்கைக் கண்ணை மூடிக்கொண்டு தோலுரிப்பவன். அந்தக் கப்பல் மாதம் ஒரு முறை அந்தத் தீவைத் தொட்டுப் போகும்.

தற்செயல் என்று கதையில் வந்தால் வாசகர் முகம் சுளிக்கிறார். மன்னியுங்கள். மலையகத்துப் பிள்ளைகள் இல்லாத கப்பலும் இல்லை, ஹோட்டலும் இல்லை, பாலைவனமும் இல்லை. உலகத்தில் எந்த வாசலைத் தட்டினாலும் உள்ளே எங்கள் பிள்ளை ஒன்று பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும். தற்செயலாக ஒருவர் அங்கே இருக்கிறார் என்றா நினைக்கிறீர்கள்? எல்லா இடத்திலும் இருக்கிறோம் ஐயா. இதைச் சொல்லும்போது என் முதுகு தானாக நிமிர்கிறது. எழுபத்தெட்டு வயதில் அது சுலபமில்லை.

7

தீவில் காலை, மேல்கணக்கில் விளக்கேற்றுகிற நேரம். கோயில் முற்றத்தில் நாகலெட்சுமி போனை விபூதித் தட்டுக்குச் சாய்த்து நிறுத்தியிருந்தாள். கமிட்டி முழுவதும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. கந்தப்பன் வெள்ளை வேட்டி கட்டி முன்வரிசையில் இருந்தார். சட்டைப்பையில் வங்கிச் சீட்டு.

நிரோஷன் கப்பல் உடுப்பிலேயே படி ஏறினான். அரசாங்கக் கந்தோர் ஒன்று, ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. கந்தோருக்கு எதிர்ப்பக்கம் ஒரு கதவில், எறும்பு ஊர்ந்ததுபோல் கம்பனிப் பெயர்கள் மேலிருந்து கீழ்வரை ஒட்டியிருந்தன. ஒரு நிமிஷம் நின்று தேடினான். நம்முடைய கம்பனியின் பெயர் நடுவில் எங்கேயோ இருந்தது. கதவு பூட்டியிருந்தது. அந்தக் கதவுதான் கம்பனி. அதை விட்டுவிட்டுக் கந்தோருக்குள் நுழைந்தான்.

உள்ளே கறுத்து உயர்ந்த, நரைத்த தலைமுடிக்காரர் ஒருவர் மேசையில் இருந்தார். மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. நிரோஷன் தட்டை நீட்டினான். கப்பல் குசினியின் இரும்புத் தட்டு.

"டேய், அது வெத்தல மாதிரி இல்லயே" என்றாள் நாகலெட்சுமி.

"கீரைம்மா. கப்பல்ல வெத்தலக்கி எங்க போறது? பாக்குக்கு சாதிக்கா வச்சிருக்கேன். பழம் மட்டும் ஒரிஜினல்."

அதிகாரிக்கு விஷயத்தைச் சொன்னான். லைசன் கொடுத்தவர் நீங்கள், எங்கள் கோயில் காசு அந்தக் கம்பனிக்குள் போகப் போகிறது, ஆகவே தேருக்கு உங்களை அழைக்கிறோம். அவர் முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு போனுக்குள் இருந்த முகங்களைப் பார்த்தார். சிரிப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

இதை வாங்கினால் என்ன அர்த்தம் என்று கேட்டார். நிரோஷன் அம்மாவைக் கேட்டான்.

"எங்க காசுக்கு அவரு பொறுப்பு. அவ்ளோதான், சொல்லு."

அவன் சொன்னான். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  பிறகு மெதுவாகப் பேசினார். நிரோஷன் ஒவ்வொன்றாகத் தமிழில் எடுத்துத் தந்தான்.

"இவங்க பேரு பதியுறது மட்டும்தானாம். புள்ள பொறந்தா பதியுறமில்ல, அந்த மாதிரியாம். புள்ள வளந்து என்னா பண்ணுதுன்னு பாக்குறது இவங்க வேலையில்லயாம். காச எங்க வைக்கிறான், திருப்பிக் குடுக்குறானா, ஒண்ணும் பாக்குறதில்லயாம். ஒங்கள மாதிரி தூரத்துல இருந்து கடுதாசி வருமாம் நெறய. இவரு படிப்பாராம். ஒண்ணும் பண்ண முடியாதாம்."

அவருடைய பாட்டியும் கரும்புத் தோட்டத்தில் வெட்டுக்காரியாக இருந்தவள் என்றாராம். அந்தத் தட்டு என்ன என்று தனக்குப் புரிகிறது என்றாராம்.

பிறகு தட்டை இரண்டு கையாலும் எடுத்து, நிரோஷனிடம் திருப்பிக் கொடுத்தார்.

 சிவசாமிகூடச் சரி என்று சொல்லவில்லை.

திரையில் அதிகாரி மறுபடி ஏதோ கேட்டார். நிரோஷன் தயங்கினான்.

"ஒரு வாழப்பழம் எடுத்துக்கலாமான்னு கேக்குறாரும்மா. பொறுப்பில்லாம."

நாகலெட்சுமி போனை நெருங்கிக் குனிந்தாள். "பழத்துக்குப் பொறுப்பு கெடையாது. சாப்பிடச் சொல்லு."

8

இந்த இடத்தில் கந்தப்பனை என்ன செய்வது என்று நான் யோசித்தேன். அவர் எழுந்து, அந்தாளுக்கு இங்கிலீசு சரியா வரல, நிரோஷன் தப்பா சொல்றான் என்று சொல்லலாம். சொல்லியிருந்தால் கமிட்டியில் பாதிப்பேர் நம்பியிருப்பார்கள். முப்பது வருஷம் சாக்குச் சரியாதவர். மறுநாள் வங்கி. அதற்கு மறுநாள் பொத்தான். ஈபிஎப் காசு வெளியே வந்தாலும் வரும். தட்டுப் போட்ட வீடு. மழை தெரியாத தூக்கம்.

அவர் நெஞ்சுக்குள் இதெல்லாம் ஓடியது. ஓடவில்லை என்று எழுதினால் அவரைச் சாமியாக்கிவிடுவேன். சாமிகள் லொறி ஓட்டமாட்டார்கள்.

எழுந்து நின்றார்.

"என் ஈபிஎப் காசு மொத்தமும் அதுக்குள்ளதான் கெடக்கு. அத எடுக்கத்தான் தேர்க் காசக் கேட்டேன்."

கோயில் மணியை யாராவது அடித்தால் தேவலை என்றிருந்தது. யாரும் அடிக்கவில்லை.

சட்டைப்பையிலிருந்து வங்கிச் சீட்டை எடுத்தார். (சினிமாவாக இருந்தால் இங்கே கிழிப்பார். கந்தப்பன் கிழிக்கவில்லை. சீட்டைக் கிழித்தால் ஒருநாள் பதில் சொல்ல வேண்டிவரும் என்று தெரிந்த பொருளாளர்.) தலைவர் முன்னால் போய், இரண்டு கையாலும், சற்று முன் அந்தத் தீவுக்காரர் செய்ததைப் போலவே, திருப்பிக் கொடுத்தார்.

பொருளாளரை மாற்ற வேண்டும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நியாயமான குரல்தான். கந்தப்பனே தலையாட்டினார். நாகலெட்சுமி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"தேருக்கு அந்த ஆபீசருக்கு மால கட்டணும். பொறுப்பேத்துக்காம வெத்தல வாங்குனவங்க எத்தன பேர இந்தத் தோட்டம் பாத்திருக்கு. அவரு வாங்கல. பொய் சொல்லல. பெரிய மாலயா கட்டுங்க. யாரு புடிச்சிக்கிட்டு நிக்கிறது? கந்தப்பண்ணன்தான். கையி வலிக்கட்டும்."

தண்டனையா மரியாதையா என்று கேட்டேன், பின்னொரு நாள். ரெண்டுக்கும் ஒரே மாலதான் கெடச்சிச்சு என்றாள்.

9

முடிவு.

முதல் முடிவு: தீவு அதிகாரி வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு மனம் கேட்காமல் எதிர்க்கதவைப் போய்த் தட்ட, கம்பனிக்காரன் பயந்து கந்தப்பனின் காசைத் திருப்பி அனுப்ப— (எழுதும்போதே என் பேனா என்னைப் பார்த்துச் சிரித்தது.)

இரண்டாம் முடிவு: கந்தப்பன் மனமுடைந்து— (கூடாது. அவரை உங்களுக்குத் தெரியாது.)

மூன்றாம் முடிவில் நடந்ததைச் சொல்கிறேன். பணம் வருகிற இடம், ஆகவே விதி பொருந்தும். இதை எழுதும் நாள்வரை ஈபிஎப் காசு வரவில்லை. தர்ஷன் போனை எடுக்கிறான். வரும் மாமா, பாத்துக்கிட்டிருக்காங்க என்கிறான். இப்போது கோட்டுப் போடுவதில்லை. கந்தப்பன் வீட்டுக்குக் கடைசியில் தகரம்தான். கூரை போட்ட அன்று மேல்கணக்கு முழுவதும் வந்து ஏணி பிடித்தது. மழை பெய்தால் அவருக்குக் கேட்கிறது. கேட்டுக்கொண்டே தூங்குகிறார் என்று அவர் மனைவி சொன்னாள். அவர் குறட்டையில் அவளுக்குத்தான் மழை கேட்பதில்லையாம்.

தேர்க் காசு வங்கியில் பத்திரமாக இருக்கிறது. புதுத் தேருக்கு இன்னும் போதாது. பழைய தேர்தான் ஓடுகிறது. ஒரு சக்கரம் கொஞ்சம் முனகும். முனகட்டும். எங்கள் காசில், எங்கள் கையால், முன்வாசலால் வெளியே வருகிற தேர். உலகத்தில் எத்தனையோ படித்த நகரங்களில் எத்தனையோ பேர் அந்த லைசனைப் பெரிதாக்கிப் பார்த்து நம்பியிருக்கிறார்கள். படியேறிப் போய், எங்கள் காசுக்கு நீர் பொறுப்பா என்று தட்டை நீட்டிக் கேட்டவர்கள் ஊசிப்பாறை மேல்கணக்குக்காரர்கள்தான். அதுவும் கீரை இலையோடு. இதில் நான் எதையும் கூட்டவில்லை. சாதிக்காய் ஒன்று என்பதை வேண்டுமானால் இரண்டாக்கியிருப்பேன்.

ஆனால் தேரன்றைய அந்த மாலை இருக்கிறதே.

ஒருவர் பெயர் சொல்லிக் கட்டிய மாலையை மேல்கணக்கில் அம்மனுக்குப் போடமாட்டார்கள். கீழே வைக்கவும் கூடாது. ஒரு மனிதக் கழுத்தில்தான் விழ வேண்டும். அதிகாரி கடலுக்கு அப்பால். நிரோஷன் அதற்கும் அப்பால். நாகலெட்சுமியைக் கேட்டார்கள், எனக்கெதுக்கு, வேல கெடக்கு என்று தண்ணீர்ப்பந்தலுக்குப் போய்விட்டாள். தர்ஷன் கூட்டத்தின் கடைசியில், சிறுத்தை இருந்த இடத்தில், யார் கண்ணிலும் படாமல் நிற்கிறான். கந்தப்பன் தன் கழுத்தில் தானே போட்டுக்கொள்ள முடியாது. என் கழுத்தைச் சற்று முன்னால் நீட்டிப் பார்த்தேன், யாரும் கவனிக்கவில்லை.

இந்த முடிவை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் பாதியைக் கழித்துவிடுவீர்கள். மாலையில் பாதியைக் கழித்தால் நார்தான் மிஞ்சும். யார் கழுத்துக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

சீக்கிரம் சொன்னால் நல்லது. தப்பு வேகம் பிடித்துவிட்டது. தேர் அசைகிறது, சக்கரம் முனகுகிறது. தோட்டத்தில் உள்ள எல்லாக் கைகளும் வடத்தில் இருக்கின்றன, இரண்டைத் தவிர. அந்த இரண்டு கைகளும் மாலையைப் பிடித்தபடி வலித்துக்கொண்டிருக்கின்றன. அவருக்கும் வடம் பிடிக்க வேண்டும்.